பிழைத்த வேலும் பிழைத்த புலியும்
வேட்டை எழுத்தில் தவறிய வெடி பற்றி ஒரு வாசிப்பு

பதினோராம் தரத்துக்குப் பெயரெச்சம் படிப்பித்துக்கொண்டிருந்த ஒரு நாள், உதாரணம் தேடியபோது படைச்செருக்கு அதிகாரத்துக் குறளொன்று வாயில் வந்தது. காட்டு முயலைத் தைத்த அம்பை வைத்திருப்பதைவிட யானைக்கு எறிந்து தவறிய வேலைக் கையில் ஏந்தியிருப்பது இனியது என்ற கருத்துடைய குறள். பல வருடங்களாக நான் அதற்குச் சொல்லிவரும் விளக்கம் ஒன்றேதான். குறி பெரிதாக இருக்கட்டும், தவறினாலும் பெருமைதான் என்பேன். பிள்ளைகள் குறித்துக்கொள்வார்கள், நானும் அடுத்த உதாரணத்துக்குப் போய்விடுவேன். அன்று கடைசி வாங்கிலிருந்து ஒருவன் எழும்பினான். காட்டோரத்து வயல் பக்கத்துப் பிள்ளை. போகக் காலத்தில் இரவில் வாப்பாவோடு காவலுக்குப் போய்விட்டு காலையில் வகுப்பில் தூங்குகிறவன்.

"சேர், எறிஞ்ச வேல் பிழைச்சிட்டெண்டா அது திரும்ப எப்படி அவன்ட கைக்கு வந்த?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அவன் இருக்கவில்லை. "கொஞ்சம் பட்டிருந்தா அந்த யானைக்கு என்ன நடந்திருக்கும் சேர்? எங்கட வாப்பா சொல்ற, வெடி பட்டுச் சாகாத யானதான் பொல்லாத யான எண்டு."

மணி அடித்துவிட்டது. என்னிடம் பதிலும் இல்லை. தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றவன், இத்தனை வருடம் அந்தக் குறளை வைத்திருந்தவன், யானையின் பக்கத்திலிருந்து ஒருதரமும் அதைப் படிக்கவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தால் அந்தச் சொல்லே இடறியது. பிழைத்தல் என்றால் குறி தவறுதல். பிழைத்தல் என்றால் உயிர் தப்புதல். பிழை என்றால் குற்றம். தப்பு என்ற சொல்லுக்கும் இதே கதைதான்: தப்பியது வெடி, தப்பியது விலங்கு, தப்புச் செய்தது மனிதன். வெடிக்காரன் பக்கத்தில் நின்றால் ஒரு கருத்து, விலங்கின் பக்கத்தில் நின்றால் இன்னொன்று, இரண்டுக்கும் நடுவில் குற்றம் என்ற மூன்றாவது. மூன்றையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிற மொழியில் நாம் முதலாவதை மட்டும் படிப்பித்து வருகிறோம்.

அதற்குப் பிறகுதான் வேட்டைப் புத்தகங்களைத் திரும்ப எடுத்தேன். இளவயதில் சாகசத்துக்காக வாசித்தவை. இந்தமுறை பட்ட வெடிகளை விட்டுவிட்டுத் தவறிய வெடிகளை மட்டும் தேடி வாசித்தேன். இப்படி வாசிக்கும்போது எழுத்தாளர்களின் தரவரிசை மாறிவிடுகிறது என்பதுதான் இக்கட்டுரையில் நான் சொல்லவருவது.

முதலில் நம் நாட்டில் வேட்டையாடியவர். நுவரெலியாவில் ஆங்கிலேயக் குடியேற்றம் ஒன்றை உருவாக்கப் பாடுபட்ட சாமுவேல் பேக்கர். 1850களில் வெளிவந்த அவருடைய இலங்கை வேட்டை நூல் விறுவிறுப்பானது, அதை மறுப்பதற்கில்லை. அவர் தவறிய வெடிகளை ஒளிப்பவருமல்லர். ஆனால் அவர் கையில் தவறிய வெடி எப்போதும் கருவியின் கதையாகிவிடுகிறது. துவக்கின் பாரம் போதாது, மருந்தின் அளவு போதாது, ஆகவே இன்னும் பெரிய துவக்கு. அவர் செய்வித்து வைத்திருந்த ஒரு துவக்கின் எடை 21 இறாத்தல். அதிலிருந்து போவது மூன்று அவுன்ஸ் சன்னம். இலங்கை யானையை நேருக்கு நேர் நெற்றியில் சுட்டு விழுத்தலாம் என்று இங்கே கற்றுக்கொண்டவர், பிறகு ஆபிரிக்காவுக்குப் போய் அதே நெற்றி வெடி அங்கே பலிக்காததைக் கண்டார். இரண்டு யானைகளின் மண்டையோட்டு அமைப்பும் வேறு என்பதை 1867இல் வந்த தமது நைல் உபநதிகள் பற்றிய நூலில் விளக்கமாக எழுதினார். தவறியதிலிருந்து கற்றல் என்றால் இதுவும் கற்றல்தான். வெடி ஏன் விழுத்தவில்லை என்பதற்குத் திருத்தமான பதில் இருக்கிறது. விழாத யானை எங்கே போயிற்று என்பதற்குத்தான் பதிலில்லை.

அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். மேஜர் ரோஜர்ஸ் என்ற ஒரே அதிகாரி 1,400க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றார் என்பது பெயர்பெற்ற கணக்கு. அவர் 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அரசாங்கமே யானைக்கு வெகுமதி கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேல் அழிக்கப்பட்டன என்று எமர்சன் டெனன்ட் தமது இலங்கை நூலில் பதிந்திருக்கிறார். விழுந்தவைக்குக் கணக்கிருக்கிறது. வெடியோடு காட்டுக்குள் போனவை எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

இதே டெனன்டின் நூலில் நமக்கு வேண்டிய இன்னொரு பகுதியும் உண்டு. யானை பிடிப்பதில் பேர்போனவர்கள் வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள சோனகக் கிராமங்களின் பணிக்கர்மார் என்கிறார். துவக்கில்லாமல், தோல் கயிற்றோடு, அடிபார்த்துப் பின்னால் நெருங்கி யானையின் பின்காலில் சுருக்கு வைத்து மரத்தில் சுற்றிவிடுகிற ஆட்கள். துவக்குக்காரனுக்கு வெடி தவறினால் இரண்டாவது குழல் இருக்கிறது. பணிக்கருக்குச் சுருக்குத் தவறினால் என்ன இருக்கிறது? அவர்களுடைய தவறல்களிலிருந்து பிறந்த அறிவு எவ்வளவு நுட்பமாக இருந்திருக்க வேண்டும்! அதைத் துரைமார் வியந்து எழுதினார்கள், நாம் எழுதவில்லை. கிழக்கில் இன்னும் பணிக்கர் என்ற பட்டத்தோடு குடும்பங்கள் இருக்கின்றன. யாராவது இளம் ஆய்வாளர் கையிலெடுக்க வேண்டிய விடயம். கட்டுரைக்கு வெளியே போகிறேன், திரும்புகிறேன்.

தவறிய வெடியை அது போய் விழுந்த இடம் வரைக்கும் பின்தொடர்ந்து எழுதியவர் ஜிம் கோர்பெட். குமாயுன் மலைகளின் ஆட்கொல்லிகள் பற்றிய அவருடைய நூல் 1944இல் வந்தது. தமிழிலும் வந்திருக்கிறது, நம்மில் பலர் பள்ளி வயதில் வாசித்ததுதான். அந்நூலின் முன்னுரையிலேயே விடயம் தொடங்குகிறது. புலி ஏன் மனிதரைத் தின்னத் தொடங்குகிறது என்பதற்கு அவர் சொல்லும் முதற் காரணம் காயம். அந்தக் காயம் முள்ளம்பன்றியின் முள்ளாலும் வரலாம். கவனமில்லாமல் வைத்த வெடியாலும், வெடிபட்ட விலங்கைத் தேடிப் போகாமல் விட்டதாலும் வரலாம்.

நூலின் முதற் கதை சம்பாவத் பெண்புலி. நேபாளத்தில் 200 பேர், அங்கிருந்து துரத்தப்பட்டுக் குமாயுனுக்கு வந்து 236 பேர், ஆக 436. 1907இல் கோர்பெட் அதைக் கொன்று வாயைப் பார்க்கிறார். வலப்பக்கத்துக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருக்கின்றன, மேற்பல் பாதியாக, கீழ்ப்பல் முரசெலும்பு வரைக்கும். பழைய வெடிக்காயம். வழமையான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதரிடம் வந்தது என்கிறார். யாரோ ஒருவர், எப்போதோ ஒருநாள், ஒரு வெடி வைத்தார். பட்டது, விழவில்லை. அவர் வீட்டுக்குப் போயிருப்பார். 'தப்பிட்டுது' என்று சொல்லியிருப்பார். அவரைப் பொறுத்தவரை கதை அங்கே முடிந்தது. அந்த வெடி முடியாமல் மலை மலையாக நடந்திருக்கிறது.

இதே கதையில் கோர்பெட் தம்முடைய தவறல்களையும் வைக்கிறார். அன்று அவர் கொண்டுபோனது மூன்றே தோட்டாக்கள். இரண்டுக்கு மேல் வேண்டிவராது, மூன்றாவது அவசரத்துக்கு என்பது கணக்கு. மூன்றும் முடிந்துவிட்டன, புலி பாறையில் உயிரோடு நிற்கிறது. ஓடிப்போய்த் தாசில்தாரின் துவக்கை வாங்கி வருகிறார். அது குழலும் பின்பக்கமும் பொருந்தாமல் இடைவெளி விட்ட பழைய துவக்கு. இருபது அடி தூரத்தில் நின்று திறந்த வாய்க்குக் குறிவைக்கிறார். அது போய் முன்பாதத்தில் படுகிறது. பிறகு அந்தச் சன்னத்தைத் தம் நகத்தாலேயே தோண்டி எடுத்ததாக எழுதுகிறார். 436 பேரைக் கொன்ற புலியின் கதையை முடிக்கும் இடத்தில் எந்த வெடிக்காரன் இதைச் சொல்வான்? புலி ஏற்கெனவே கடைசி மூச்சில் நின்றது, என் வெடி பாதத்தில் தட்டியதில் விழுந்தது என்கிறார். பெருமையைத் தாமே குறைத்து எழுதுகிற இந்தக் குணத்தை நான் பேக்கரிடம் காணவில்லை.

ருத்ரப்பிரயாக் சிறுத்தையின் கதை இன்னும் நீண்டது. 1918 முதல் 1926 வரை அரசாங்கக் கணக்கில் 125 பேர். 1921இல் இரண்டு இளம் இராணுவ அதிகாரிகள் ஆற்றின் தொங்கு பாலத்தில் இரு கரைக் கோபுரங்களிலும் ஆளுக்கொருவராக இரவிரவாகக் காத்திருந்தார்கள். இரண்டு மாதம் காத்தபின் ஓரிரவு சிறுத்தை பாலத்தில் ஏறியது. சுட்டார்கள். விடிந்து பார்த்தால் இரத்தத் தடம். தேடினார்கள், கிடைக்கவில்லை. 1926 மே மாதம் கோர்பெட் கொன்ற சிறுத்தையின் இடது பின்காலில் ஒரு விரலின் ஒரு பகுதி இல்லை, பாதத்தில் ஆறிய வெடிக்காயம். பாலத்து வெடியின் கையொப்பம் அது. ஓர் அங்குலம் இரண்டங்குலம் தள்ளிப் போனதற்கு அந்த மலைவழியில் மனிதர் ஐந்து வருடம் பொழுதுபட்டால் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். அந்த அதிகாரிகளைக் கோர்பெட் ஏளனம் செய்யவில்லை. இருட்டில் சுடுவது எப்படியென்று அறிந்தவர்.

என்னை அதிகம் நிறுத்திய இடம் சௌகார் புலிகள். தாயும் வளர்ந்த குட்டியுமாக 64 பேரைக் கொன்றவை. 1929இல் கோர்பெட் இரண்டையும் ஒன்றாகக் காண்கிறார். ஒன்று மற்றதைவிட வெளிறிய நிறம். வயதானால் நிறம் வெளிறும், ஆகவே வெளிறியதுதான் தாய் என்று முடிவுகட்டிச் சுடுகிறார். குறி தவறவில்லை, புலி விழுந்தது. கிட்டப்போய்ப் பார்த்தால் அது குட்டி. தாய் போய்விட்டது. அந்தப் பிழைக்கு விலை அடுத்த பன்னிரண்டு மாதத்தில் பதினைந்து மனித உயிர் என்று அவரே எண்ணைப் போட்டு எழுதுகிறார். சன்னம் போகவேண்டிய இடத்துக்கே போயிற்று. தவறியது தீர்மானம். கையைக் குறைசொல்ல முடியாது, துவக்கைக் குறைசொல்ல முடியாது, வெளிச்சத்தைக் குறைசொல்ல முடியாது. எல்லா வெடிக்காரரும் ஒளிந்துகொள்கிற மூன்று மறைவிடமும் இங்கே இல்லை. இந்த ஒரு வசனத்துக்காகவே அவரை மற்ற வேட்டை எழுத்தாளர்களிலிருந்து நான் பிரித்து வைக்கிறேன்.

அடுத்த வருடம் ஏப்ரிலில் அந்தத் தாய்ப்புலியைக் கொல்லும் காட்சி பிரசித்தமானது. இடக்கையில் பறவை முட்டை இரண்டு, வலக்கையில் துவக்கு, எட்டடியில் புலி. ஒற்றைக் கையால் துவக்கை மெல்ல மெல்லச் சுழற்றிச் சுடுகிறார். வாசகர் எல்லோரும் இதைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். அந்தப் பதினைந்து பேரைத் தாண்டித்தான் இந்தக் காட்சிக்கு வந்திருக்கிறோம் என்பது இரண்டாம் வாசிப்பில்தான் உறைத்தது.

இங்கே குறளுக்குத் திரும்பலாம். தவறிய வேலை ஒருவன் கையில் ஏந்தியிருக்கிறான் என்றால் அது விழுந்த இடத்துக்கு அவன் போயிருக்க வேண்டும். யானை இன்னும் அங்கே நிற்கலாம். பையன் கேட்ட கேள்வி பகிடியல்ல, பாட்டுக்குள்ளேயே இருக்கிற கேள்வி. எறிந்துவிட்டு ஓடினவன் கையில் வேல் இருக்காது. உரைகாரரெல்லாம் எறிந்த வீரத்தைப் பேசுகிறார்கள், எடுக்கப்போன நடையைப் பேசவில்லை. என் வாசிப்பு மிகை என்று மரபறிந்தோர் சொல்லக்கூடும். சொல்லட்டும்.

கோர்பெட்டிடமும் பிழை பிடிக்க இடமுண்டு. இந்தக் கட்டுரையின் ஒரு பகுதியை வாசித்துக் காட்டியபோது கூடப் படிப்பிக்கும் நண்பர் கேட்டார்: "அந்தப் புலிட பல்லை உடைச்சது ஆரு? வெள்ளைக்காரனா, ஊரானா?" கோர்பெட் சொல்லவில்லை. சொல்ல வழியில்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் பொழுதுபோக்குக்காகத் துவக்கோடு காட்டுக்குள் இறங்கிய வர்க்கத்தைப் பற்றி அவர் கைவைத்துக் கேள்வி கேட்பதில்லை. அனுமதியில்லாமல் ஊரார் கையில் துவக்கு இருப்பது சட்டவிரோதமாயிருந்த காலம். சம்பாவத் புலியை வளைக்க ஆட்களைச் சேர்க்கும்போது, அனுமதியில்லாத துவக்குகளைக் கண்டும் காணாமல் விடுவேன் என்று தாசில்தார் அறிவிக்கவேண்டி வந்ததை அவரே எழுதுகிறார், எழுதிவிட்டுக் கடந்துவிடுகிறார். தன்னைக் காக்கிற துவக்கை ஒளித்து வைத்திருக்கிற ஊர், புலி தின்கிற ஊர். அங்கே நின்றிருக்கலாம்.

இன்னொன்று பவல்கர் புலி. 1920 முதல் 1930 வரை அந்த மாகாணத்தில் எல்லோரும் தோலுக்காகத் துரத்திய பெரிய ஆண்புலி. ஒரு மனிதனையும் அது தொட்டதில்லை. அதையும் கோர்பெட் சுட்டார், முதல் வெடியில் சாகவில்லை, காயத்தோடு அலைந்ததைப் பின்தொடர்ந்துதான் முடித்தார். பின்தொடர்ந்தது அவருடைய நேர்மை. சுடப்போனது எந்தக் கணக்கில்? ஆட்கொல்லிகளைப் பற்றி முன்னுரையில் அவ்வளவு எழுதியவர், கவனமில்லாத வெடி பற்றி எச்சரித்தவர், அதே நூலுக்குள் இந்தக் கதையையும் வைத்திருக்கிறார். அவருக்கு இது முரணாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிகிறது.

வேட்டைக்காரரல்லாத எழுத்தாளர் இருவரை இங்கே குறிப்பிடாமல் விடமுடியாது. இருவரின் எழுத்தும் 1936இல் வந்தவை. ஓர்வெல் பர்மாவில் யானை சுட்ட கதை பலருக்குத் தெரியும். கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதற்காகச் சுட்டவர். எங்கே குறிவைப்பதென்றே தெரியாமல் சுட்டேன் என்று ஒப்புக்கொள்கிறார். யானை சாக நேரமெடுக்கிறது, பார்க்கத் தாங்காமல் போய்விடுகிறார், அரை மணித்தியாலம் எடுத்ததாகப் பிறர் சொல்லக் கேட்கிறார். அற்புதமான எழுத்துத்தான். ஆனால் முடிவில் அது யானையைவிட ஓர்வெல்லைப் பற்றிய எழுத்து. ஹெமிங்வேயின் மக்கோம்பர் கதையில், வயிற்றில் வெடிபட்ட சிங்கம் புல்லுக்குள் கிடக்கிறது. அதை அப்படியே விட்டால் என்ன என்று பணக்கார வேட்டைக்காரன் கேட்கிறான். வழிகாட்டி சொல்லும் காரணம் இரண்டு: அது வேதனைப்படுகிறது, வேறு யாராவது அதில் போய் முட்டக்கூடும். கோர்பெட் ஒரு நூல் முழுக்க எழுதியதை ஹெமிங்வே இந்த இரண்டு காரணத்தில் வைத்துவிட்டார்.

இந்த இரண்டாவது காரணத்தில் நிற்கும்போது நமது பிக்ஹு நூல்களின் வேட்டைப் பாடம் ஞாபகம் வந்தது. மத்ரசாவில் ஓதியவர்களுக்குத் தெரியும். ஹாத்திம் தாயியின் மகன் அதீ இப்னு ஹாத்திம் (ரழி) அவர்கள் வேட்டைக்காரர். அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் கேட்ட கேள்விகளெல்லாம் கையைவிட்டுப் போன அம்பைப் பற்றியவை. எய்தேன், விலங்கு மறைந்துவிட்டது, ஒருநாள் இரண்டுநாள் கழித்துக் கண்டெடுத்தேன், என்ன செய்வது? உன் அம்பின் அடையாளம் தவிர வேறொன்றும் இல்லையென்றால் உண்ணலாம், தண்ணீரில் விழுந்து கிடந்தால் வேண்டாம் என்பது கிடைத்த பதிலின் கருத்து. கொன்றது அம்பா தண்ணீரா என்று தெரியாதே. நாம் இதை ஹலால் ஹராம் என்ற தீர்ப்புக்காக மட்டும் ஓதுகிறோம். இந்தக் கேள்வியில் ஒரு வேட்டைக்காரன் இரண்டு நாளாகத் தேடியிருக்கிறான் என்பதையும் கொஞ்சம் பார்க்கலாம். உயிருள்ளதை வெறும் குறிப்பலகையாக வைக்காதீர்கள் என்ற தடையும் அதே மரபில்தான் இருக்கிறது. பவல்கர் புலிக்கு அந்தத் தடை பொருந்தும் என்று நினைக்கிறேன். உலமாக்கள் வேறுவிதமாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

எங்கள் காட்டோரங்களில் இது பழங்கதையல்ல. பன்றிக்கென்று தீன்பண்டத்துக்குள் வைக்கிற ஹக்கபட்டாஸைக் கடித்து வாய் சிதைந்த யானை தின்னமுடியாமல் நாட்கணக்கில் அலைந்து சாகிறது. வைத்தவர் அதைக் காண்பதில்லை. அந்தப் பையனின் வாப்பா சொன்னது எந்தப் புத்தகத்திலும் இருந்து எடுத்ததல்ல, கோர்பெட்டின் முன்னுரையும் அதையேதான் சொல்கிறது.

என் பெரிய மாமா ஒரு வெடிக்காரர். போடியார்மாருக்குக் காவல் பார்த்தவர், ஊரில் பேரெடுத்த கை. வாடியில் இருந்து அவர் சொல்லிய கதைகளைக் கேட்டுத்தான் நான் வேட்டைப் புத்தகங்களுக்கே வந்தேன். அவருடைய கதைகளில் தவறிய வெடி கிடையாது. எல்லாம் ஒரே வெடி, ஒரே விழுகை. கடைசிக் காலத்தில், கண் மங்கிக் கட்டிலில் கிடந்த நாளில், நான் கேட்காமலே ஒன்று சொன்னார். ஒரு மரை. வெடி பட்டது தெரியும், இரத்தம் கிடந்தது. விடியும் மட்டும் அடிபார்த்துப் போயிருக்கிறார். தடம் ஆற்றில் இறங்கியது. மாரித் தண்ணீர். அக்கரைக்குப் போகவில்லை.

"போயிருக்கலாம் மகன்," என்றார். "தோணி இருந்த."